பனிவயலில் ஒற்றை மரம்: பியேய்க்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் நடுவில் பியேய் என்று ஒரு சிற்றூர். அசஹிகாவா நகரத்தில் ஃபுரானோ பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அரை மணிக்குச் சற்று மேலே ஆகும். ஊரைச் சுற்றி மேடும் பள்ளமுமாக வயல்கள்: கோதுமை, உருளைக்கிழங்கு, பயறு, சர்க்கரை எடுக்கிற பீட்ரூட். டிசம்பர் வந்துவிட்டால் இத்தனையும் பனிக்கு அடியில் போய்விடும். வரப்பு தெரியாது, வண்டித்தடம் தெரியாது, எந்த வயல் எங்கே முடிகிறது என்றும் தெரியாது. ஒரு வெள்ளை மேடு, அதன்மேல் ஒரு மரம். அவ்வளவுதான் மிச்சம்.

இந்த மேடுகளை ஜப்பான் முழுக்கத் தெரியவைத்தவர் மாஏதா ஷின்ஸோ (1922–1998) என்ற புகைப்படக்காரர். மூடப்பட்ட ஒரு தொடக்கப்பள்ளி இருந்த இடத்தில் 1987இல் தகுஷின்கான் என்ற காட்சிக்கூடத்தை அவர் திறந்தார். திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு, வயல்பக்கம் போகும்முன் அங்கே ஒரு நடை போய்வருவது நல்லது. ஒரே நிலத்தை ஒரு மனிதர் எத்தனை விதமாகப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டால், முதலில் கண்ணில் பட்ட இடத்திலேயே நின்று சுட்டுத்தள்ளும் ஆசை கொஞ்சம் அடங்கும்.

இந்த வகைப் படத்தில் மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அது நின்ற இடத்தில் நிற்கும். உங்கள் வேலையெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் வெள்ளையைக் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான். அது காலடித் தடத்தால் கெடும், தப்பான எக்ஸ்போஷரால் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவால்) கெடும், ஓரத்தில் எட்டிப்பார்க்கும் மின்கம்பத்தால் கெடும், வீட்டுக்கு வந்தபின் எடிட்டிங்கிலும் கெடும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கேடுகளை ஒவ்வொன்றாகத் தவிர்க்கும் வழிகள்தாம்.

முதலில், வயலில் கால் வைக்காதீர்கள்

கேமராவை எடுக்கும் முன்பே சொல்லவேண்டியது இது. பனி மூடிய நிலத்தைப் பார்த்தால் சும்மா கிடக்கும் பொட்டல் போலத்தான் தெரியும். உண்மையில் அது தனியார் விளைநிலம். இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை பனிக்கு அடியில் உயிரோடு இருக்கும். நீங்கள் மிதித்த இடத்தில் பனி இறுகிக் கெட்டியானால் அதன் கீழே இருக்கும் பயிருக்குக் கேடு. அதைவிடப் பெரிய பயம், காலணியில் ஒட்டிவரும் மண். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழுக்கள் இப்படித்தான் ஒரு நிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. ஒருமுறை மண்ணில் புகுந்துவிட்டால் விரட்டுவது மிகவும் சிரமம்.

பியேயில் ‘தத்துவ மரம்’ என்று சாய்ந்து நின்ற ஒரு பாப்லர் இருந்தது. ஊரிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட மரங்களில் ஒன்று. எச்சரிக்கைப் பலகை வைத்தும் ஆட்கள் வயலுக்குள் இறங்குவது நிற்கவில்லை. மரமும் வயதாகித் தளர்ந்திருந்தது. 2016 பிப்ரவரியில் நிலத்தின் சொந்தக்காரர் அதை வெட்டிச் சாய்த்துவிட்டார். 2025 ஜனவரியில் செவன் ஸ்டார்ஸ் என்ற இன்னொரு பெயர்பெற்ற மரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற வெள்ளை பிர்ச் மரங்களும் போயின. பயிரில் நிழல் விழுந்ததும் ஒரு காரணம், சுற்றுலாக் கூட்டத்தின் தொல்லையும் ஒரு காரணம். ஆக, சாலையில் நின்றுதான் எடுக்கவேண்டும். விவாதத்துக்கு இடமில்லை.

சாலையோரத்திலும் ஒரு பொறி உண்டு. பனி தள்ளும் வண்டி இருபுறமும் குவித்துவைத்திருக்கும் பனித்திட்டின் மேல் ஏறினால் நல்ல கோணம் கிடைக்கும் போலத் தோன்றும். அதற்குப் பின்னால் வாய்க்கால் இருக்கும். பனி நிரம்பியிருப்பதால் தெரியாது. இடுப்பு வரை உள்ளே போய்விட்டால் கேமராவோடு வெளியே வருவது பெரும்பாடு.

எந்த மரம்?

பெயர் பெற்றவை நாலைந்து இருக்கின்றன. கென்–மேரி மரம் நெடுநெடுவென்று வளர்ந்த பாப்லர். 1972இல் நிஸான் ஸ்கைலைன் கார் விளம்பரத்தில் வந்ததால் அந்த விளம்பர ஜோடியின் பெயரே மரத்துக்கு நிலைத்துவிட்டது. செவன் ஸ்டார்ஸ் மரம் 1976இல் அந்தப் பெயருள்ள சிகரெட் பெட்டியில் அச்சானது. ‘அப்பா அம்மா பிள்ளை’ மரங்கள் என்று மூன்று ஓக் மரங்கள் ஒரு மேட்டின்மேல் சேர்ந்து நிற்கின்றன. கிறிஸ்துமஸ் மரம் என்று அழைக்கப்படும் ஸ்ப்ரூஸ், பெயருக்கேற்ற முக்கோணம். உச்சிக்கிளைகள் விரிந்திருப்பது தூரத்திலிருந்து பார்க்க ஒரு நட்சத்திரம் வைத்தது போலவே இருக்கும். கூட்டமும் அங்கேதான் அதிகம்.

புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது செவன் ஸ்டார்ஸ் மரத்தைத்தான். காரணம் இருக்கிறது. அது ஜப்பானியர்கள் காஷிவா என்று சொல்லும் ஓக் வகை. மற்ற மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும்போது, காஷிவா காய்ந்த இலைகளைக் கீழே விடாமல் குளிர்காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும். கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு இலையும் வறண்டு சுருண்டு, வறுத்த காப்பிக்கொட்டைக்கும் செம்மண்ணுக்கும் நடுவில் ஒரு நிறத்தில் தொங்கும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில் அந்தப் பழுப்பு படத்துக்கு ஒரு சூடு தருகிறது. மொட்டை பாப்லரில் இது கிடைக்காது. அதன் மெல்லிய கிளைகள் வானத்தின் வெளிச்சத்தில் கரைந்துபோவதும் உண்டு.

பெயரில்லாத மரங்களையும் விட்டுவிடாதீர்கள். பியேயின் வடமேற்கில் ‘பேட்ச்வொர்க் ரோடு’, தெற்கே ‘பனோரமா ரோடு’ என்று இரண்டு சுற்றுப்பாதைகள் உண்டு. இரண்டிலும் வழிநெடுகத் தனி மரங்கள் நிற்கும். யாரும் வரிசையில் நிற்காத இடத்தில் நிதானமாக யோசிக்கலாம்.

போக்குவரத்தும் உடையும்

பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் அங்கே போய் முதல்முறையாகப் பழகவேண்டாம். கண்ணுக்கே தெரியாத கண்ணாடிப் பனி சாலையில் படிந்திருக்கும். பியேய் ஸ்டேஷனிலிருந்து டாக்ஸியை மணிக்கணக்கில் பேசிக்கொள்ளலாம். சப்போரோவிலிருந்தும் அசஹிகாவாவிலிருந்தும் ஒரு நாள் பேருந்துச் சுற்றுலாக்கள் இருக்கின்றன. என்ன, பேருந்தில் போனால் ஒவ்வொரு மரத்துக்கும் கொஞ்ச நேரம்தான் கொடுப்பார்கள். படம் முக்கியம் என்றால் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து டாக்ஸிக்குக் கொடுப்பது லாபம்.

ஜப்பானில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை பக்கத்து அசஹிகாவாவில்தான்: 1902 ஜனவரி 25 அன்று மைனஸ் 41 டிகிரி. அந்த அளவை நீங்கள் சந்திக்கப்போவதில்லை. ஆனால் ஜனவரி, பிப்ரவரி விடியற்காலைகளில் மைனஸ் 15, மைனஸ் 20 சாதாரணம். பருத்தி உள்ளாடை வேண்டாம், வியர்த்தால் ஈரம் காயாமல் உறையவைக்கும். மெல்லிய கையுறை ஒன்று, அதற்குமேல் பெரிய கையுறை ஒன்று போட்டுக்கொண்டால் பட்டனை அழுத்தும்போது மேலுறையை மட்டும் கழற்றினால் போதும். காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும். கம்பளிக் காலுறையோடு காலை இறுக்கித் திணித்தால் ரத்தம் ஓடாமல் விரல் மரத்துவிடும்.

எப்போது போவது, எந்த வெளிச்சத்தில்?

நம் ஊரில் நடுப்பகல் வெயிலில் படமெடுக்காதே என்று சொல்லித்தருவார்கள். பியேயில் டிசம்பர் கடைசியில் உச்சி வேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரிக்கு மேல் ஏறாது. அதே நாளில் சென்னையில் 53 டிகிரி. அதனால் நாள் முழுக்கச் சாய்வெளிச்சம்தான். மரத்தின் நிழல் மதியத்திலும் நீண்டு கிடக்கும். ஆனால் பகல் குட்டை. மாலை நான்கு மணிவாக்கில் சூரியன் போய்விடும். டிசம்பரைவிடப் பிப்ரவரி வசதி. பகலும் நீளம், பனியும் நல்ல ஆழம்.

மார்ச்சில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பனி சீக்கிரம் உருகவேண்டும் என்று விவசாயிகள் வயலில் கறுப்புப் பொடியைத் தூவுவார்கள். கறுப்பு வெயிலை உறிஞ்சிப் பனியை இளக்கும். வெள்ளை வயலில் கருங்கோடுகளாக அது வளைந்து வளைந்து போகும். சுத்த வெள்ளை வேண்டுமென்று வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கென்னவோ அந்தக் கோடுகள் மரத்தை நோக்கி ஓடுமாறு நின்று எடுத்த படங்கள் பிடிக்கும்.

சரி, எப்படிப்பட்ட வானிலை? புதியவர்கள் எல்லோரும் நீல வானத்தையும் வெயிலையும்தான் வேண்டிக்கொண்டு வருவார்கள். அது தபால் அட்டைப் படம். நல்ல படம்தான், தப்பில்லை. ஆனால் இந்த வேலைக்கு மெலிதான பனிப்பொழிவுதான் தங்கமான நேரம். மரத்துக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது இருக்கும்: ஒரு காட்டுவரிசை, ஒரு கொட்டகை, தூரத்து மலை. பனி விழும்போது உங்களுக்கும் அவற்றுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத்திரை வந்துவிடும். இருநூறு மீட்டரில் நிற்கும் மரம் தெரியும், அதற்கு அப்பால் இருக்கும் காடு மங்கிக் காணாமல் போகும். பனி பலமானால் மரமே மறைந்துவிடும். குறைந்தால் கொட்டகை திரும்ப வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் சில நிமிடங்கள் கிடைக்கும். ட்ரைபாடைப் (மூன்றுகால் தாங்கியை) போட்டு, ஃப்ரேமை (படத்துக்குள் எதெல்லாம் வரவேண்டும் என்பதை) முடிவுசெய்து வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

காற்றில்லாத, வானம் தெளிந்த, மைனஸ் 15க்குக் கீழே போகும் விடியற்காலையும் விடக்கூடாதது. கிளைகளில் உறைபனி படிந்து மரமே வெள்ளையாகியிருக்கும். வெயில் ஏறியதும் உதிர ஆரம்பித்துவிடும், ஆகவே சூரியோதயத்துக்கு முன்பே அங்கே இருக்கவேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் காற்றில் மிதக்கும் நுண்பனித் துகள்கள் வெயிலில் மினுங்குவதைப் பார்க்கலாம். அதை எடுக்கச் சூரியனுக்கு எதிராகத் திரும்பி, பின்னணியில் இருட்டாக ஏதாவது வரும்படி நில்லுங்கள்.

எங்கே நிற்பது?

வண்டியை விட்டு இறங்கியதும் கேமராவைக் கண்ணில் வைக்காதீர்கள். மரத்தைப் பார்த்தபடி சாலையில் நூறு மீட்டர் அந்தப்பக்கம், நூறு மீட்டர் இந்தப்பக்கம் நடந்து பாருங்கள். மரம் நகராது, ஆனால் அதன் பின்னணி நகரும். ஓர் இடத்தில் மின்கம்பம் தண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இன்னோர் இடத்தில் மேட்டின் விளிம்பு சரியாக மரத்தின் அடியில் வந்து நிற்கும். நாலு அடி நகர்ந்தால் தீரும் பிரச்சினையை எடிட்டிங்கில் நாலு மணி நேரம் அழித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, மரத்தின் கிளைகள் முழுக்க வானத்தின்மேல் விழுகின்றனவா? பாதி வானத்திலும் பாதி பின்னால் இருக்கும் காட்டிலும் விழுந்தால் மரத்தின் உருவம் குழம்பிவிடும். மரம் மேட்டில் இருந்தால், கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தினாலே பின்னால் இருக்கும் காடு மேட்டுக்கு அடியில் இறங்கிவிடும். முட்டி போட்டுப் பாருங்கள். இரண்டாவது, தண்டு பனியைத் தொடும் இடம் தெரியவேண்டும். அது மறைந்தால் மரம் எங்கோ அந்தரத்தில் நிற்பதாகத் தோன்றும். மூன்றாவது, மேட்டின் கோடு. அது ஃப்ரேமின் எந்த மூலையிலிருந்து நுழைந்து எங்கே வெளியேறுகிறது? மூலையிலேயே போய் முட்டினால் கண்ணில் உறுத்தும்.

மரத்தை எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதில்தான் பெரும்பாலான படங்கள் சறுக்குகின்றன. மரம்தானே விஷயம் என்று ஜூம் பண்ணி ஃப்ரேமை நிரப்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அது ஒரு மரத்தின் படம், அவ்வளவுதான். தனியாக நிற்கிறது என்பது தெரியவேண்டுமானால் சுற்றி வெறுமை வேண்டும். ஃப்ரேமின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மரம் வரும்படி ஒன்று, ஐந்தில் ஒரு பங்கு ஒன்று, பத்தில் ஒரு பங்கு ஒன்று என்று எடுத்துப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் கடைசிப் படம் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். பெரிய திரையில் போட்டதும் பல நேரம் அதுதான் ஜெயிக்கும்.

கிறிஸ்துமஸ் மரம் போல இருபுறமும் ஒத்திருக்கும் மரத்தை நட்டநடுவில் வைக்கலாம். முக்கியப் பொருளை ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைக்கச்சொல்லும் விதியை நினைத்துப் பயப்படவேண்டாம். காற்றில் ஒருபக்கம் சாய்ந்து வளர்ந்த மரத்துக்கு, அது சாயும் பக்கத்தில் இடம் விடுங்கள். வானமும் பனியும் ஒரே வெள்ளையாக இருக்கும் நாளில் இரண்டையும் பிரிக்கும் கோடு லேசாகவாவது தெரிகிறதா என்று பாருங்கள். முழுக்க மறைந்துவிட்டாலும் படம் வரும். ஆனால் அப்போது மரத்தைத் தாங்குவது அதன் அடியில் இருக்கும் மெல்லிய நிழல் மட்டுமே, அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

லென்ஸ் விஷயத்தில் பெரிய குழப்பம் வேண்டாம். சாலையிலிருந்து மரங்கள் தள்ளி இருப்பதால் 70–200 மி.மீ ஜூம் ஒன்று பெரும்பாலான வேலையை முடித்துவிடும். மேட்டின் வளைவு முழுதும் வேண்டும் என்றால் 24 அல்லது 35 மி.மீ. வைடு லென்ஸில் முன்னால் கிடக்கும் பனிதான் படத்தின் பாதி, அதில் டயர் தடமோ குப்பையோ இருந்தால் தப்பிக்க வழியில்லை. சாய்வெளிச்சத்தில் காற்று வரைந்த அலைகள் அந்தப் பனியில் தெரிந்தால் மட்டும் வைடு போடுங்கள்.

பனியை வெள்ளையாக எடுப்பது

புதியவர்களின் பனிப் படங்கள் அநேகமாக அழுக்குச் சாம்பலாக வரும். கேமராமேல் குற்றமில்லை. எதைக் காட்டினாலும் அது நடுத்தரமான சாம்பல் வெளிச்சத்தில் இருக்கிறது என்று எண்ணித்தான் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கணக்குப் போடும். ஃப்ரேம் முழுக்க வெள்ளையைக் காட்டினால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும். நாம்தான் கூட்டவேண்டும்.

ஓர் உதாரணம். மேகமூட்டமான காலை. ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8. ஷட்டர் விநாடியில் 250இல் ஒரு பங்கு நேரம் திறக்கட்டும் என்கிறது மீட்டர். அப்படியே எடுத்தால் பனி சிமெண்ட் நிறத்தில் இருக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொன்ன வெளிச்சத்தைக் கூட்டிக்குறைக்கும் அமைப்பை) +1.3க்குத் தள்ளுங்கள். ஷட்டர் 100இல் ஒரு பங்குக்கு வரும், பனி வெள்ளையாகும். பொதுவாக +1க்கும் +2க்கும் நடுவில்தான் விடை இருக்கும். மரம் ஃப்ரேமில் பெரிதாக இருந்தால் குறைவாகவும், மரம் சின்னதாகவும் பனி அதிகமாகவும் இருந்தால் கூடுதலாகவும் தேவைப்படும்.

எங்கே நிறுத்துவது என்பதைத் திரையின் பளபளப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். பனிவெளியில் கண் கூசிப்போயிருக்கும், எந்தப் படமும் இருட்டாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் அது. பனியின் குன்று வலது ஓரத்துக்கு அருகில் இருக்கவேண்டும், சுவரில் போய் மோதக்கூடாது. அதிக வெளிச்சமான இடம் மினுக்கும்படி ஒரு வசதி பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள். பனி மினுக்கினால் காம்பன்சேஷனை மூன்றில் ஒரு படி (0.3) குறையுங்கள். ஒருமுறை முழு வெள்ளையாகிப்போன பனியில் எந்த மென்பொருளாலும் மணலைப் போன்ற அந்த நுண்மையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெளிச்சம் மாறாத நாளில், சரியான அளவு கிடைத்ததும் மேனுவலில் பூட்டிவிடுவது நிம்மதி.

நிறம் பற்றி: ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப்பதிவாக) எடுத்தால் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விட்டுவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெயில் நாளில் பனியின் மேலுள்ள நிழல்கள் நீலமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த இடத்துக்கு வெளிச்சம் தருவது நீல வானம். அதை முழுக்கச் சாம்பலாக மாற்றினால் குளிரே போய்விடும்.

ஃபோகஸும் ஷட்டரும்

வெறும் பனியில் ஆட்டோ ஃபோகஸ் பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்துத் தண்டின் விளிம்பில் வையுங்கள். பனி விழும்போது அருகில் விழும் செதிலைப் பிடித்துக்கொண்டு மரத்தை மங்கலாக்கிவிடும். அப்போது ஒருமுறை ஃபோகஸ் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றி, திரையில் பெரிதாக்கிக் கிளைகளைச் சரிபார்த்துவிட்டு, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை அப்புறம் தொடாதீர்கள். அப்பர்ச்சர் எஃப் 8இலிருந்து எஃப் 11 வரை போதும். எஃப் 16ஐத் தாண்டினால் மெல்லிய கிளைகளின் கூர்மை குறையத் தொடங்கும்.

விழும் பனியை எப்படிக் காட்டுவது என்பது ஷட்டரின் கையில். 500இல் ஒரு பங்கில் செதில்கள் புள்ளிகளாக உறையும். 60இலோ 30இலோ ஒரு பங்கில் கோடுகளாக இழுபடும், காற்றின் திசை படத்தில் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டுப் பல விநாடிகள் திறந்துவைத்தால் செதில்களே மறைந்து ஒரு புகைமூட்டம் மட்டும் மிஞ்சும். இது ட்ரைபாட் வேலை, காற்றில் கிளை ஆடாத நாளாகவும் இருக்கவேண்டும். ஃபிளாஷ் தானாக எரியாமல் அணைத்து வையுங்கள், லென்ஸுக்குப் பக்கத்தில் விழும் செதில்கள் பெரிய வெள்ளை வட்டங்களாகிப் படத்தை நிரப்பிவிடும். வேண்டுமென்றே அப்படி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

ட்ரைபாடை ஆழமான பனியில் ஊன்றும்போது கால்களை முழுக்க விரித்துவிட்டு அழுத்தாதீர்கள். உள்ளே இறங்க இறங்கக் கால்கள் இன்னும் அகல விரியப் பார்க்கும், மூட்டு உடையலாம். கொஞ்சம் குறுக்கியபடி அழுத்தி இறக்குங்கள், தானே விரிந்து நிற்கும்.

கைபேசி மட்டும் இருந்தால்

தாராளமாக எடுக்கலாம். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல், கைபேசியிலேயே இருக்கும் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள். மரத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். கறுப்பான தண்டைத் தொட்டதால் பனி வெளுத்துப்போயிருக்கும். பக்கத்தில் வரும் சூரிய அடையாளத்தைப் பனியின் நுண்மை தெரியும் வரைக்கும் மெல்லக் கீழே இழுங்கள். பல கைபேசிகள் நிழலையெல்லாம் தூக்கி, வானத்தை அடர்த்தியாக்கி, தாமாகவே படத்தை ‘அழகுபடுத்தும்’. ரா வசதி இருந்தால் அதில் எடுங்கள். எடுத்ததும் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி 40 சதவீதம் காட்டும்போதே அணைந்துபோவது சகஜம்.

குளிரும் கேமராவும்

கேமரா பேட்டரியும் அப்படித்தான். உதிரி பேட்டரிகளைக் கேமரா பையில் வைக்காமல் உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். தீர்ந்துவிட்டதாகச் சொன்ன பேட்டரியையும் சூடாக்கித் திரும்பப் போட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும். ஜப்பானில் எந்தக் கடையிலும் ‘கைரோ’ என்று சூடு தரும் சின்னப் பொட்டலங்கள் கிடைக்கும். உள்ளே இரும்புத்தூள், காற்றுப் பட்டால் சூடாகும். காற்றே புகாத இடத்தில் திணித்துவிட்டுச் சூடு வரவில்லை என்று சொல்லக்கூடாது.

லென்ஸில் பனி விழுந்தால் துடைக்காதீர்கள். வாயால் ஊதவும் கூடாது, மூச்சின் ஈரம் கண்ணாடிமேல் படிந்து அங்கேயே உறையும். கை ரப்பர் ஊதியாலோ மென்மையான தூரிகையாலோ தட்டிவிடுங்கள். லென்ஸ் ஹூடைப் போட்டு, காத்திருக்கும் நேரத்தில் லென்ஸைக் கீழ்நோக்கி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். வ்யூஃபைண்டரில் கண் வைக்கும்போது மூச்சை ஓரமாக விடுங்கள்.

ஆபத்தான கட்டம் வேலை முடிந்து சூடான அறைக்குள் நுழையும்போதுதான். மைனஸ் 15இல் இருந்த கேமராவை 22 டிகிரி அறைக்குள் கொண்டுபோனால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் போல மேலெல்லாம் வியர்த்துவிடும். உள்ளேயும்தான். அதனால் வெளியில் இருக்கும்போதே மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். அறைக்கு வந்தபின் ஒன்றிரண்டு மணி நேரம் திறக்கவேண்டாம். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமரா தப்பிக்கும். டாக்ஸியிலும் இதே பிரச்சினை வரும். ஒவ்வொரு மரத்துக்கும் நடுவில் சூடான வண்டிக்குள் ஏறி இறங்குவதானால் கேமராவை மூடிய பையில் வைத்து, ஹீட்டருக்குத் தள்ளி, காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடிட்டிங்

பனிப் படத்தை முதலில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி வானத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பாருங்கள். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி மற்ற படங்களில் தெரியாது, வெள்ளை வானத்தில் சாம்பல் பொட்டுகளாக அப்பட்டமாகத் தெரியும். அவற்றை எடுத்துவிடுங்கள். மேட்டின் சரிவு கண்ணை ஏமாற்றும் என்பதால் மரத்தின் தண்டையோ தூரத்து மின்கம்பத்தையோ வைத்துச் சாய்வைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் வெள்ளை அளவு. மென்பொருளில் அதை 0 முதல் 255 வரை எண்ணுவார்கள். 255 என்றால் முழு வெள்ளை, ஒன்றும் இல்லாத இடம். பனியின் மிக வெளிச்சமான பகுதி 240க்கும் 250க்கும் நடுவில் இருந்தால் வெள்ளையாகவும் தெரியும், நுண்மையும் இருக்கும். விளிம்புகளை அழுத்திக்காட்டும் கிளாரிட்டி என்ற பொத்தானை அதிகம் ஏற்றாதீர்கள். கிளைகளைச் சுற்றி வெள்ளை வளையம் விழும், மெதுவான பனி உப்புக்கல்லாக மாறிவிடும். மரத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கினாலே போதுமான அழுத்தம் கிடைக்கும்.

மேகமூட்டத்தில் எடுத்த மொட்டை மரமும் பாப்லரும் கறுப்பு வெள்ளைக்குப் பொருந்தும். காஷிவாவை மட்டும் கலரிலேயே விடுங்கள், அந்தப் பழுப்பு இலைக்காகத்தானே அதைத் தேடிப்போனது. அச்சிடுவதானால் மினுமினுப்பில்லாத தாள் நல்லது. 255இல் விட்ட இடத்தில் மையே விழாது, வெறும் தாள்தான் தெரியும். ஓரம் முழுக்க வெள்ளையாக இருக்கும் படம் எங்கே முடிகிறது என்றும் தெரியாது. அதற்கு மெல்லிய சாம்பல் கோடு ஒன்றைச் சுற்றிப் போட்டு அச்சுக்குக் கொடுங்கள்.